ஆமைக்கு முன்னால் தொட்டி

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். இப்போது வாஸ்துக்காரர்கள் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. வீடு எப்படியோ உருப்பட்டுவிடும். புகுந்த ஆமைதான் உருப்படுவதில்லை. காரணம் தொட்டி.

பேரன் கேட்டான் என்று மீன் கடைக்குப் போகும் என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட சின்னக் குட்டி ஒன்றையும், நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட தட்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள். "தொட்டி அளவுக்குத்தான் சார் வளரும்" என்பார்கள். சுத்தப் பொய். வளராமல் நிற்கிற ஆமை நோயாளி ஆமை. வெயிலும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்காமல் ஓடு மெத்தென்று ஆகிவிடும்.

அது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. பெண்ணாக இருந்தால் ஓடு மட்டும் 10 அங்குலம் வளரும். குட்டியில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது. நன்றாக வைத்துக்கொண்டால் 20, 30 வருஷம் இருக்கும். நமக்கு இப்போதே 70. மீதியை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். (நம்மூர் ஆமையே வளர்க்கலாமே என்று நட்சத்திர ஆமையைத் தேட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.)

வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு, ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 10 காலன், அதாவது சுமார் 38 லிட்டர் தண்ணீர். 10 அங்குல ஆமைக்கு 380 லிட்டர். 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் அது வரும். விளிம்பு வரை நிரப்பக் கூடாது, ஏறிக் குதித்துவிடும். கொளத்தூரில் அளவு சொன்னால் ஒட்டிக் கொடுப்பார்கள்.

ஆனால் எங்கே வைப்பீர்கள்? தண்ணீர், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து அரை டன்னுக்கு வந்துவிடும், அதுவும் 10 சதுர அடிக்குள். குடியிருப்பு அறைத் தளத்துக்கு நம் எஞ்சினியர்கள் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 200 கிலோ. சுவரை ஒட்டி, அடியில் பீம் ஓடும் இடமாகப் பார்த்து, தெரிந்த எஞ்சினியரைக் கேட்டு வைக்கலாம். ஹால் நடுவிலும் வெளியே நீட்டிய பால்கனியிலும் கூடவே கூடாது. பால்கனி வெயிலில் கண்ணாடித் தொட்டி ஆமையை அவித்தும் விடும்.

"இப்போ சின்னது, அப்புறம் பெரிசு வாங்கிக்கலாம்" என்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. அந்த 'அப்புறம்' வருவதற்குள் பேரன் செல்போனுக்குப் போய்விடுவான். நாறும் தண்ணீரை மாற்றுவது மருமகள் தலையில் விழும். தொட்டியோடு முடிவதும் இல்லை. மீனுக்குப் போடுவதைப்போல் இரண்டு மடங்கு திறனுள்ள ஃபில்டர், ஏறிக் காய ஒரு மேடை, அதன்மேல் யூவிபி விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் வராது.

தனி வீடும் தோட்டமும் உள்ளவர்கள் பாக்கியவான்கள். பாதி நிழலில் ஒரு சிமென்ட் தொட்டி கட்டி, காரம் போகப் பல நாள் தண்ணீர் விட்டு மாற்றி, மேலே வலை போட்டால் கண்ணாடியைவிட நல்லது.

கடைசியில் எல்லாரும் செய்வது என்ன? வளர்ந்ததும் கோயில் குளத்தில் விட்டுவிட்டு, புண்ணியம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வது. உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிர்களின் பட்டியலில் இந்த ஆமையும் உண்டு. குளத்தில் இருக்கும் நம்மூர் ஆமையின் இரையையும் வெயில் காயும் கல்லையும் அது பிடுங்கிக்கொள்ளும். குளத்துக்காரருக்கு அதில் என்ன சந்தோஷம் இருக்க முடியும்?

அடுத்த தடவை கடைக்காரரிடம் ஆமையைக் காட்டச் சொல்லாதீர்கள். 5 அடித் தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, டேப் எடுத்துச் சுவரை அளந்து பாருங்கள்.