பால் இல்லாத பாயாசம்!

பாயாசம் என்றால் பால். "பால் இல்லாமல் பாயாசமா?" என்று கேட்பார்கள். பருப்புப் பாயாசத்துக்குத் தேங்காய்ப் பால் ஊற்றுகிறவர்களே இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை!

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பல வீடுகளில் உண்டு. குடித்த சிறிது நேரத்தில் வயிறு உப்பும். இரையும். பேதியாகும். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் சுரப்பு, வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. இது தெரியாமல், "பாலைக் கண்டால் பாசாங்கு செய்கிறான்" என்று பிள்ளையை அதட்டுகிறார்கள். பண்டிகை நாளில் எல்லாருக்கும் பாயாசம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் வெறும் வடை. இது நியாயமா?

இதற்கு வழி உள்ளூரிலேயே இருக்கிறது. ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் எங்கும் முந்திரிக் காடுதான். இந்த ஊர்கள் முன்பு பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தவை. 2007-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது.

முந்திரி, பிரேசில் நாட்டு மரம். 16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் கொட்டை பொறுக்குவார்கள். அதன் ஓட்டில் ஓர் எண்ணெய் உண்டு. கையில் பட்டால் தோல் வெந்து கொப்புளமாகும். கொட்டை உடைக்கும் பெண்களுக்கே அந்த வேதனை தெரியும்.

இப்படிப் பாடுபட்டு எடுத்த பருப்பு மூட்டையாக வெளியூர் போகிறது. ஊரார் வீட்டுப் பாயாசத்தில் மிதப்பது இரண்டே பருப்பு! விலையைக் காரணம் சொல்வார்கள். விலை முழுப் பருப்புக்குத்தான் அதிகம். உடைந்தது மலிவு. அரைக்கப் போகிற பருப்பு முழுசாக இருந்தால் என்ன, உடைந்தால் என்ன?

ஓடு நீக்கிய, உடைந்த முந்திரி 100 கிராம் போதும். இரண்டு மணி நேரம் ஊற வைத்து, வெண்ணெய் போல் அரைக்க வேண்டும். வடிகட்ட வேண்டியதில்லை. அரை லிட்டர் தண்ணீரும் இரண்டு மேசைக் கரண்டி அரிசி மாவும் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளற வேண்டும். கையை எடுத்தால் அடிபிடிக்கும். முந்திரியிலும் மாவுச் சத்து இருப்பதால் சீக்கிரம் கெட்டியாகும். பச்சை வாசனை போனதும் இறக்கிவிடலாம். 100 கிராம் வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கொதிக்க வைத்து, மண் போக வடிகட்டி ஊற்றலாம். ஏலக்காய் தட்டிப் போடலாம். வெல்லம் பட்டால் பால் திரியுமே என்ற கவலை இதில் இல்லை!

கிண்ணங்களில் ஊற்றி ஆற வைத்தால் இறுகிவிடும். கரண்டியால் வெட்டிச் சாப்பிடலாம். பட்டணத்து ஓட்டல்களில் 'புட்டிங்' என்று தருகிறார்களே, ஏறக்குறைய அதுதான்.

ஒன்றை மட்டும் தாய்மார்கள் மறக்கக் கூடாது. இது தின்பண்டம், பாலுக்கு மாற்று அல்ல. பாலில் உள்ள அளவு சுண்ணாம்புச் சத்து இதில் கிடையாது. பால் குடிக்காத பிள்ளைக்குக் கேழ்வரகும் கீரையும் கொடுத்து அதை ஈடுகட்ட வேண்டும். சிலருக்கு முந்திரியே ஆகாது. தின்றதும் உதடு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டில் தேங்காய்ப் பாலில் செய்வதுதான் நல்லது.