வாஞ்சியின் கைத்துப்பாக்கியை யார் வாசிப்பது?

தமிழ்ப் புனைகதையில் துப்பாக்கி என்பது பெரும்பாலும் ஒரு சொல், பொருள் அல்ல. அத்தியாயத்தின் முதற்பத்தியில் ரிவால்வராக இருப்பது மூன்றாம் பத்தியில் பிஸ்டலாகிவிடும். க்ளாக் வைத்திருக்கும் நாயகன் அதன் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுப்பான். க்ளாக்கில் இழுப்பதற்குச் சுத்தியலே கிடையாது என்பதை எழுதியவரும் கவனிப்பதில்லை, பதிப்பித்தவரும் கவனிப்பதில்லை. இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். கதையோடு நின்றால் முழுகாதுதான். இதே அசட்டையோடு நம் வரலாற்றையும் வாசிக்கிறோம் என்பதே என் வருத்தம்.

திருச்செங்கோட்டுக்காரனுக்கு இந்த வருத்தம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளால் நாடெங்கும் அறியப்பட்ட ஊர் இது. ஹேமர் வேறு, பிட் வேறு, ராடு வேறு என்பது இங்கே தொழிலின் பாலபாடம். எந்தக் கருவியை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்புகிறது என்று பார்த்தாலே, எத்தகைய பாறையை எதிர்பார்த்துப் போகிறார்கள் என்று அனுபவசாலிகள் சொல்லிவிடுவார்கள். கருவியைக் கொண்டு வேலையை அறியும் இந்த எளிய முறையை மணியாச்சிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில், மனைவியோடு ரயில் பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் மிக அருகிலிருந்து சுட்டுக் கொன்றார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டார். அந்த உடலோடு இரண்டு பொருட்கள் கிடைத்தன. ஒன்று கடிதம். மற்றொன்று பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. நூறாண்டுகளுக்கும் மேலாக நாம் கடிதத்தையே வாசித்துக்கொண்டிருக்கிறோம். வாஞ்சி தியாகியா, வருணாசிரமப் பற்றாளரா என்ற சண்டை முழுவதும் அந்தச் சில வரிகளைச் சுற்றியே நடக்கிறது. ஆய்வாளர்கள் சிலரை விலக்கிவிட்டால், துப்பாக்கியைக் கையிலெடுத்துப் பார்த்தவர் அரிது.

அது எத்தகைய கருவி? அக்காலத்து இந்தியாவில் அதிகாரிகளின் இடுப்பில் பரவலாகக் காணப்பட்டது வெப்லி ரிவால்வர். ஒரு கிலோவைத் தாண்டும் எடை, புடைத்த உருளை, துணியில் சிக்கக்கூடிய வெளிச் சுத்தியல். பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை 1900 முதல் சந்தைக்குக் கொண்டுவந்த பிரௌனிங்குகள் இதற்கு நேர்மாறானவை. முதல் மாதிரி சுமார் 625 கிராம் எடை, தட்டையான உடல், பெட்டியில் 7 தோட்டாக்கள். அதில் சுத்தியலே இல்லை. உள்ளே சுருள்வில்லின் விசையால் முன்னே பாயும் ஸ்டிரைக்கர் என்னும் ஊசியே தோட்டாவின் அடியைத் தாக்கும். 1903ஆம் ஆண்டு மாதிரியில் சுத்தியல் உண்டு. அதுவும் உடலுக்குள்ளேயே மறைந்திருந்தது. ஆக, இந்த வரிசையில் எதை எடுத்தாலும் வெளியே துருத்தி நிற்பது ஏதுமில்லை. 1980களில் க்ளாக் புகழ்பெறச் செய்த ஸ்டிரைக்கர் முறையின் மூதாதை இது.

அதிகாரி இடுப்பில் தொங்கவிடும் வெப்லி, பிறர் கண்ணில் பட வேண்டிய ஆயுதம். அதைக் காட்டுவதே பாதி வேலையை முடித்துவிடும். பிரௌனிங்கோ கடைசி நொடிவரை கண்ணில் படாமலிருப்பதற்கு ஏற்றது. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் இரகசியக் குழுக்கள் அதை நாடியது தற்செயல் அல்ல. 1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பாப்ரிகோவ், 1909 அக்டோபரில் ஹார்பினில் ஜப்பானின் இட்டோ, அதே ஆண்டு டிசம்பரில் நாசிக்கில் கலெக்டர் ஜாக்சன், 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் என்று அந்த வரிசை நீள்கிறது. எல்லாமே பிரௌனிங். நாசிக்குக்கான துப்பாக்கிகள் லண்டனிலிருந்த சாவர்க்கர் அனுப்பிய 20இல் அடங்கியவை.

மணியாச்சியை இந்த வரிசையில் வைத்ததும் ஒரு படம் கலைகிறது. உணர்ச்சிவசப்பட்ட செங்கோட்டை இளைஞன் ஒருவன் தனியாகப் பொங்கியெழுந்தான் என்ற படம் அது. போற்றுபவர்களுக்கும் தூற்றுபவர்களுக்கும் அதுவே வசதி. ஆனால் புனலூரில் வனத்துறை ஊழியராயிருந்த ஒருவர், 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களை உரிமக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த நாளில், ஐரோப்பாவின் நவீனக் கைத்துப்பாக்கியைத் தனியாளாகப் பெற்றிருக்க முடியாது. அதைத் தெரிவு செய்தவர்கள், கடல் கடத்தியவர்கள், பழக்கியவர்கள் என்று ஒரு சங்கிலி தேவை. கடிதம், வாஞ்சி எதை நம்பினார் என்று சொல்கிறது. அவரை நம்பியவர்கள் எவ்வளவு தூரம் பரவியிருந்தார்கள் என்பதைத் துப்பாக்கிதான் சொல்கிறது.

அந்தச் சங்கிலியின் முக்கியக் கண்ணி, பிரெஞ்சுப் புதுச்சேரியில் வாஞ்சிக்குச் சுடக் கற்றுக்கொடுத்த வ.வே.சு. ஐயர். லண்டன் இந்தியா ஹவுஸிலிருந்து தப்பி 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் சுட்டும் 'குளத்தங்கரை அரசமர'த்தை எழுதியவரும் அவரே. நம் சிறுகதையின் முன்னோடி, பிரௌனிங்கின் பாரத்தை உள்ளங்கையில் அறிந்தவர். ஆனால் அவர் கதையில் துப்பாக்கி இல்லை. குளத்தில் உயிரை விடும் ஒரு பெண்ணின் துயரமே இருக்கிறது. அறிந்தவர் எழுதவில்லை, அறியாத நாம் பக்கத்துக்குப் பக்கம் சுட்டுக்கொண்டிருக்கிறோம். பின்னாளில் ஐயர் காந்தியின்பால் திரும்பினார். அந்தத் திருப்பத்தின் கனத்தை உணரவும், அவர் கீழே வைத்தது எதை என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இது ஆயுத மோகம் ஆகாதா என்று நண்பர்கள் ஐயுறலாம். மோகம் பளபளப்பைத்தான் பார்க்கும். பொறியைப் பார்ப்பவனுக்கு மயக்கம் குறையவே செய்யும். அந்தச் சிறு கருவி வேலை செய்ய எவ்வளவு அருகில் போக வேண்டும், எதிரே இருப்பவர் முகம் எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதை எண்ணிப் பார்த்தால் வீரவசனம் எளிதில் வராது. அடுத்து மணியாச்சியைப் பற்றி நாவலோ கட்டுரையோ எழுதப்போகும் நண்பரிடம் நான் கேட்பது இதுதான்: கடிதத்துக்குச் செலவிடும் கவனத்தில் பாதியை அந்த 600 சொச்சம் கிராம் இரும்புக்கும் கொடுங்கள்.