பூட்டிய அலமாரியும் திறந்த ஏடும்



1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் தமிழெழுத்தில் ஒரு சிறு நூல் அச்சேறியது. 'தம்பிரான் வணக்கம்' என்பது அதன் பெயர். முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த சேசு சபைக் குருவாகிய அண்டிரிக் அடிகளார், நம் முன்னோர்க்கு மறையறிவு ஊட்டும் பொருட்டு அதனை ஆக்கினார். பதினாறே பக்கங்கள் கொண்ட அந்நூலின் இன்று அறியப்பட்ட ஒரே படி, கடல் கடந்து, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றது.

முன்னாளில் அதனைக் காண விழைந்தோர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியிருந்தது. இன்றோ அந்நூலகத்தார் பக்கம் பக்கமாய்ப் படமெடுத்து இணையத்தில் வைத்துள்ளனர். மணப்பாட்டு மாணவி ஒருத்தி தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே அதனைக் காணலாம். வத்திக்கான் நூலகமும் தன் பழஞ்சுவடிகளை இவ்வாறே வெளியிட்டு வருகின்றது. மூலநூல் பலர் கைபட்டு நைவதில்லை; அதன் பயனோ அனைவர்க்கும் கிட்டுகின்றது.

இதனை எழுதுகையில் நம் நெஞ்சே நம்மைக் குத்துகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் இளைஞர் ஒருவர் தம் பாட்டியாரின் திருமுழுக்குப் பதிவைத் தேடி வந்தார். பழைய பதிவேடுகளைப் பத்திரமாய்ப் பூட்டி வைத்திருந்தோம். அலமாரியைத் திறந்தபோது, அவ்வாண்டின் ஏடுகள் மண்ணாய் உதிர்ந்தன. பூட்டியதால் காத்துவிட்டோம் என்று எண்ணியிருந்தோம். கரையானுக்குச் சாவி வேண்டுவதில்லை! வெறுங்கையுடன் திரும்பிய அவர் முகம் இன்னும் நம் கண்முன் நிற்கின்றது.

ஆதலின் எஞ்சிய ஏடுகளைப் பங்கு இளைஞர்களின் துணையுடன் நாம் படமெடுத்தோம். ஓரம் விடாமல் முழுப்பக்கமும் எடுத்து, ஏட்டின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைப் படந்தோறும் குறித்தோம். குறிப்பில்லாத படம் முகவரியில்லாத கடிதமே அன்றோ! படிகளை வெவ்வேறு இடங்களில் வைத்துள்ளோம். மூல ஏடுகளையும் எறிந்துவிடவில்லை.

எல்லாவற்றையும் ஊரறியத் திறத்தலும் முறையன்று. பதிவேடுகளில் குடும்பங்களின் மறைபொருள்கள் உண்டு. வாழ்வோரின் மானம் காக்கப்பட வேண்டும். அவற்றை எவர்க்கு, எவ்வளவு காட்டுவது என்பதை ஆயரகத்தின் நெறிப்படியே முடிவு செய்தல் வேண்டும். பழஞ்செபநூல்களையும் கோயில் வரலாற்றுக் குறிப்புகளையும் மறைப்பதற்கோ காரணமில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்து ஓலைச்சுவடியோ, செபப்புத்தகமோ கிடக்கின்றதா? இந்த மழைக்கு முன்னே அதனை இறக்கிப் பாருங்கள். விளக்கை மரக்காலின் கீழ் வைத்தால் இருள் அகலுமோ?