இப்னு பதூதா கண்ட ஆப்பிரிக்கா

‘இருண்ட கண்டம் எது?’ என்ற கேள்வி நம் பொது அறிவு வினா-விடைப் புத்தகங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘ஆப்பிரிக்கா’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். காலங்காலமாக எல்லோரும் அறிந்த உண்மைபோல அது தோன்றினாலும், அந்தப் பட்டத்துக்கு அவ்வளவு வயதில்லை. ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி தன் பயண நூலின் தலைப்பில் அதை வைத்தது 1878இல். அடுத்த ஆறே ஆண்டுகளில் ஐரோப்பிய அரசுகள் பெர்லினில் கூடி, ஆப்பிரிக்கர் ஒருவரைக்கூட அழைக்காமல், அந்த மண்ணைப் பங்கு போடுவதற்கு விதி வகுத்தன. பிறர் நிலத்தைப் பிடுங்க வருகிறவர்களுக்கு, அங்கே ஏற்கெனவே ஒன்றும் இல்லை என்று சொல்லிவைப்பது வசதி. அதற்கும் முன்பே, மனிதர்களைக் கப்பலில் ஏற்றி விற்றவர்களுக்கு அவர்கள் மனிதரில் தாழ்ந்தவர்கள் என்ற கதை தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவைப் பற்றிய தப்பெண்ணங்கள் வெறும் அறியாமையால் வந்தவை, நாளாக ஆகத் தாமே உதிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. என் கருத்தில் அந்த நம்பிக்கை தவறு. தேவைக்காக உருவாக்கியதைத் தேவை உள்ளவர்கள் காப்பாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஸ்டான்லிக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கண்டத்துக்குள் போய் எழுதிய ஒரு வெளிநாட்டுப் பயணியின் சாட்சி நமக்கு இருக்கிறது. மொராக்கோக்காரரான இப்னு பதூதா 1352இல் சகாராவைக் கடந்து மாலிப் பேரரசுக்குப் போனார். எல்லை நகரான வலாத்தாவில் அரச அதிகாரி தங்களோடு நேரே பேசாமல் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசியது அவருக்குப் பெரிய அவமதிப்பாகப் பட்டது. இந்த நாட்டுக்கு ஏன் வந்தோம் என்று வருந்தினார். தலைநகரில் மன்னர் மன்சா சுலைமான் வரவேற்பாக அனுப்பியது மூன்று ரொட்டியும் கொஞ்சம் இறைச்சியும் தயிரும்தான் என்று கண்டதும் சிரித்தார். இத்தனை மனக்குறையோடு திரும்பியவர், பின்னர் சொல்லி எழுதவைத்த நூலில் அந்த மக்களின் நல்ல பண்புகளைத் தனியே அடுக்கியிருக்கிறார். அவர்களைப்போல அநீதியை வெறுப்பவர்கள் இல்லை; பயணிக்குக் கள்வர் பயம் இல்லை; அயல்நாட்டவர் அங்கே இறந்தால் அவர் சொத்தைத் தொடமாட்டார்கள், உரியவர் வரும்வரை நம்பிக்கையான ஒருவரிடம் அது இருக்கும். வலாத்தாவிலிருந்து தலைநகருக்கு அவர் மூன்றே துணைவர்களோடு போனார். வழி அவ்வளவு பத்திரம். பெண்களின் உடை உள்ளிட்டுத் தனக்குப் பிடிக்காதவற்றையும் அவர் மறைக்கவில்லை. அதனாலேயே அவருடைய பாராட்டுக்கு எடை கூடுகிறது. இதே மனிதர் நம் பக்கமும் வந்திருக்கிறார். இன்றைய அலிகார் அருகே கொள்ளையரிடம் சிக்கி உயிர் பிழைத்தார். மதுரை சுல்தான் கியாசுத்தீன் தம்கானி, பெண்கள் குழந்தைகள் என்றும் பாராமல் சிறைப்பட்டவர்களைக் கொன்றதைக் கண்டு மனம் குமைந்து எழுதினார். பாதி உலகத்தைச் சுற்றியவரின் கணக்கில் மாலி நீதி உள்ள நாடு, மதுரை நடுங்கவைக்கும் இடம். அதற்காக மதுரையை இருண்ட நகரம் என்று இன்று யாரும் அழைப்பதில்லை.

பின்னாளில் போனவர்கள் பலரிடம் இந்த நேர்மை இல்லை. பெரும் சிம்பாப்வே என்னும் கல் நகரத்தின் கதையே போதும். சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கி, சில இடங்களில் 11 மீட்டர் உயரம்வரை எழுப்பிய சுவர். சுற்றளவு ஏறத்தாழ 250 மீட்டர். 1871இல் அதைப் பார்த்த ஜெர்மானியர் கார்ல் மாவ்க், வாசல் உத்தரத்தில் ஒரு சிராயைச் செதுக்கி எடுத்தார். தன் பென்சிலின் மரம்போல இருந்ததால் அது லெபனான் கேதுரு மரம், எனவே கட்டியது பைபிளில் வரும் சேபா நாட்டு அரசி என்று முடிவு கட்டினார். கண்ணெதிரே நின்ற ஆப்பிரிக்கர்களின் முன்னோர் கட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்த மரமோ அந்த ஊர் மரம். 1902இல் காப்பாளராக வந்த ரிச்சர்ட் ஹால், ‘பழங்காலத்து’ அடுக்கைத் தேடி மேல்மண்ணைக் குப்பையென்று வாரி எறிந்தார். கட்டியவர்களின் வாழ்க்கைத் தடயம் அந்த மண்ணில்தான் இருந்தது. மண்ணடுக்கின் அருமை தெரிந்த கீழடி மண்ணின் மக்களுக்கு இந்த இழப்பின் அளவு புரியும். 1905இல் டேவிட் ராண்டல்-மக்கைவரும் 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் எஞ்சியதைத் தோண்டி, அது ஆப்பிரிக்கர்களே கட்டியது என்று நிறுவினார்கள். இவர்களும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களே. மாவ்க்குக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு, தாம் எதிர்பாராத சான்றுக்கு இவர்கள் இடம் கொடுத்தார்கள் என்பதுதான். சீனப் பீங்கானும் இந்தியாவிலிருந்து போன கண்ணாடி மணிகளும் அந்த நகரத்தின் கடல் கடந்த வணிகத்தைக் காட்டின. அத்தோடு வாதம் ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. வெள்ளையர் ஆண்ட ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) 1970கள்வரை அந்த உண்மையை அரசு வெளியீடுகளில் உறுதியாகச் சொல்ல விடவில்லை. பீட்டர் கார்லேக் என்ற தொல்லியலாளர் 1970இல் நாட்டைவிட்டே வெளியேறினார்.

இதெல்லாம் பழங்கதை, சூடானில் இன்று நடக்கும் போர் பொய்யா என்று கேட்பார்கள். பொய்யில்லை. 2023 ஏப்ரலில் தொடங்கிய அந்தப் போர் பெருங்கொடுமை. இப்னு பதூதா புகழ்ந்த அதே மாலியில் 2020இலும் 2021இலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவர் அச்சமின்றி நடந்த வழிகளில் இன்று துணிந்து பயணம் செய்ய முடியாது. இவற்றை மறைத்து ‘எழுச்சி பெறும் ஆப்பிரிக்கா’ என்று மட்டும் எழுதுவதும் 54 நாடுகளை ஒரே சொல்லில் அடைக்கும் வேலைதான். ஆனால் மியான்மரில் போர் நடக்கிறது என்பதற்காக ஜப்பானுக்குப் போக யாரும் அஞ்சுவதில்லை. ஆசியாவைப் பார்க்கும்போது நாடு நாடாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு, இந்தியாவைப்போல ஒன்பது மடங்கு பரந்த ஒரு கண்டத்தைப் பார்க்கும்போது மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

இணையமும் பயணமும் பெருகிவிட்டன, எண்ணம் தானாக மாறும் என்பது இன்னொரு வாதம். தகவல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மாறவில்லை என்பதே நான் காண்பது. சாதாரண கைபேசியில் பணம் அனுப்பும் எம்-பெசா கென்யாவில் 2007இல் வந்துவிட்டது. நம் யுபிஐ வந்தது 2016இல். நாடாளுமன்றத்தில் பெண்கள் பெரும்பான்மையான முதல் நாடு ருவாண்டா, 2008இல். ஆயினும் 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் கொரோனா வைரஸின் ஒமைக்ரான் வகையைக் கண்டறிந்து உலகத்தை எச்சரித்தபோது அவர்களுக்குக் கிடைத்தது பயணத் தடை. அதற்கு முன்பே எடுத்த மாதிரிகளில் அந்த வைரஸ் இருந்ததைச் சில நாட்களில் நெதர்லாந்து அறிவித்தது. அந்த நாட்டின் மீது அமெரிக்கா அப்படித் தடை போடவில்லை. நாமும் விலக்கல்லர். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பதின்வயதுப் பையன் காணாமல் போனபோது, அங்கிருந்த நைஜீரிய மாணவர்கள் அவனைத் தின்றுவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. பின்னர் கும்பல் கூடி ஆப்பிரிக்க மாணவர்களை அடித்தது. படிக்க வந்த பிள்ளைகளை நரமாமிசம் தின்பவர்கள் என்று பட்டப்பகலில் நம்பும் அளவுக்கு அந்தப் பழைய கதை நமக்குள் வேலை செய்கிறது. அதைத் தீங்கற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சென்னை ஐஐடி வெளிநாட்டில் தன் முதல் வளாகத்தை 2023இல் திறந்த இடம் தான்சானியாவின் சான்சிபார். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்த நாட்டுப் பிள்ளைகளும் ஒரே நிறுவனத்தின் பட்டத்தை வாங்கும் காலம் வந்துவிட்டது. பாடநூலும் வினா-விடைத் தொகுப்பும் எழுதுகிறவர்கள் ‘இருண்ட கண்டம்’ கேள்வியை அடுத்த பதிப்பிலேயே நீக்க வேண்டும். செய்தி எழுதுகிறவர்கள் ‘ஆப்பிரிக்காவில்’ என்று தொடங்கும் முன், எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்டு, அந்தப் பெயரை எழுத வேண்டும்.