விமர்சகர் கையில் தராசு எதற்கு?

பாலே நடனம் பார்த்திருக்கிறீர்களா? நேரில் இல்லாவிட்டாலும் டி.வி.யிலாவது பார்த்திருப்பீர்கள். கால்விரல் நுனியில் மொத்த உடம்பையும் நிறுத்தி, பஞ்சு மாதிரி மிதப்பார்கள். 'அடடா, இவங்க உடம்புல எலும்பே கிடையாதோ!' என்று தோன்றும். இருக்கிறது. அது படும் பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

2010 நவம்பர். நியூயார்க் ஸிட்டி பாலே குழுவின் 'நட்கிராக்கர்'. சாய்கோவ்ஸ்கி இசையில் 1892-ல் ரஷ்யாவில் அரங்கேறிய நாட்டியம் அது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்கர்கள் குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்ப்பார்கள். அதில் மிட்டாய் ராஜ்யத்தின் தேவதையாக ஆடியவர் ஜெனிஃபர் ரிங்கர். 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் அலஸ்டர் மெக்காலே என்ன எழுதினார் தெரியுமா? அம்மணி ஒரு மிட்டாய் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டார் போலிருக்கிறது என்று!

சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். இந்த ரிங்கர், இளவயதில் சாப்பாட்டோடும் எடையோடும் மல்லுக்கட்டி, ஒருவகை உணவு நோய்க்கே ஆளாகி, நடனத்தை விட்டு விலகி, பிறகு மீண்டு வந்தவர்.

கண்டனங்கள் குவிந்தன. மெக்காலே அசரவில்லை. பாலேயில் உடம்பும் கலையின் பகுதி, தோற்றத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் பாலே பக்கமே வரக்கூடாது என்கிற ரீதியில் பதில் எழுதினார். உடம்பும் தன் கலையில் சேர்த்திதான் என்று ரிங்கரும் ஒப்புக்கொண்டார்.

வாஸ்தவம்தான். ஆனால் ஸார், தாவியதில் கனம் தெரிந்ததா, சுழற்சியில் தடுமாற்றமா... தாராளமாக எழுதுங்கள். அவர் சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்ப்பது உங்கள் வேலையில்லை!

ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? இது மனசு நோகிற விஷயம் மட்டுமல்ல. நாள் முழுக்க ஆடுகிற பெண் அரை வயிறு சாப்பிட்டால் உடம்பு சிக்கனத்தில் இறங்கும். முதலில் மாதவிலக்கை நிறுத்தும். ஈஸ்ட்ரோஜன் குறையும். அது குறைந்தால் எலும்பு பலமிழக்கும். எலும்புக்கு வலு சேர்கிற முக்கியமான காலமே டீன்-ஏஜ்தான். அப்போது விட்டதைப் பின்னால் முழுசாகப் பிடிக்க முடியாது. இந்தக் கோளாறுக்கு 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 'ரெட்-எஸ்' என்று பெயரே வைத்துவிட்டது.

மிஸ்டி கோப்லாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 19 வயதில் முதுகெலும்பில் விரிசல். டாக்டர் விசாரித்தால், பெண் அதுவரை வயதுக்கே வரவில்லை! எலும்பைக் காப்பாற்ற மாத்திரை கொடுத்து பூப்படைய வைத்தார்கள். எடை ஏறியது. உடனே, உடம்பை 'நீளமாக்கணும்' என்றார்கள். 'இளைத்துப் போ' என்பதற்கு பாலே உலகத்து நாசூக்கு மொழி அது. அதையும் தாண்டி 2015-ல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பினப் பெண் பிரதான நடனமணி ஆனார். 2025 அக்டோபரில் அந்த மேடையிலேயே விடைபெற்றார்.

எல்லோரும் கோப்லாண்ட் ஆகிவிட முடியுமா? 2019-ல் வியன்னா அரசு ஆபரா பாலே பள்ளியைப் பற்றி விசாரித்த குழுவின் அறிக்கையைக் கேளுங்கள். எடை ஏறாமலிருக்க சிகரெட் பிடிக்கும்படி பிள்ளைகளுக்கு யோசனை சொல்லப்பட்டதாம்! படிக்கிற பிள்ளைகளுக்கு!

நல்ல மாற்றமும் உண்டு. ஸ்விட்சர்லாந்தின் புகழ்பெற்ற லோசான் போட்டியில், ஆட வரும் இளசுகளின் உடல்நலத்தையும் டாக்டர்கள் கவனிக்கிறார்கள். விமர்சகர்களும் இந்த வழிக்கு வரட்டுமே!

உங்கள் வீட்டுப் பெண் நாட்டியமோ ஜிம்னாஸ்டிக்ஸோ கற்கிறாளா? சாப்பாட்டைத் தட்டிக் கழிக்கிறாளா, அடிக்கடி எலும்பு வலி என்கிறாளா, கவனியுங்கள். மூன்று மாதம் விலக்கு வரவில்லை என்றால், 'பயிற்சி ஜாஸ்தி, அதான்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 15 வயதாகியும் வயதுக்கு வராவிட்டாலும் அப்படித்தான்.

அரங்கேற்றம் முடிந்து ஓடி வருகிறவளிடம் முதல் வார்த்தையாக, 'கொஞ்சம் பூசினாப்ல தெரியறியே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'நல்லா ஆடினேடீ கண்ணு, வா சாப்பிடலாம்' என்று சொல்லுங்கள். அந்த எலும்புகளுக்கு உங்களால் செய்ய முடிந்த பெரிய உபகாரம் அதுதான்!