கடாவின் உயிரைக் குடிக்கும் கல்லடைப்பு

ஓர் ஆண்டு முழுவதும் கண்ணும் கருத்துமாக வளர்க்கப்பட்ட கடா, விற்பனைக்குச் சில நாட்களே இருக்கும்போது திடீரென்று தீவனத்தை வெறுத்து, இரண்டு மூன்று நாட்களில் மடிந்துபோவது கிராமங்களில் புதிய செய்தியன்று. கோயில் கொடைக்கு நேர்ந்துவிட்ட கடாவானாலும், பக்ரீத் சந்தைக்கென்று கொட்டிலில் கட்டி வளர்த்த கடாவானாலும், "கண் பட்டுவிட்டது" என்றோ "வயிறு கட்டிக்கொண்டது" என்றோ சொல்லி வீட்டார் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். இப்படிச் சாகும் கடாக்களில் ஒரு பகுதிக்குக் காரணம் கண்ணேறும் அன்று, வயிற்றுக்கட்டும் அன்று. சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்துக்கொள்வதே ஆகும். இந்த நோய் பெரும்பாலும் தீவனத் தொட்டியில் தொடங்குகிறது. ஆகவே தீவனத் தொட்டியிலேயே அதைத் தடுக்கவும் முடியும். இதை ஆடு வளர்ப்போருக்கு எடுத்துச் சொல்வதில் போதிய அக்கறை காட்டப்படவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

கடாவுக்கு மட்டும் ஏன்?

பெட்டையாட்டின் சிறுநீர்ப் பாதை குட்டையானது, அகலமானது. சிறு கற்கள் உண்டானாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும். கடாவின் பாதையோ நீளமானது, குறுகலானது. நடுவில் பாம்பு நெளிவதுபோல் இரட்டை வளைவு ஒன்று உள்ளது. நுனியில் புழுப் போன்ற மெல்லிய நீட்சி ஒன்று உள்ளது. கல் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். செம்மறிக் கிடாவுக்கும் இதே அமைப்புதான். காளைக் கன்றுகளுக்கும் எருதுகளுக்கும் வளைவுப் பகுதியில் கல் அடைப்பது உண்டு.

மிக இளவயதில் காயடிக்கப்பட்ட கடாக்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். விதையில் சுரக்கும் ஆண் தன்மைச் சுரப்பு இல்லாவிடில் சிறுநீர்ப் பாதை முழு வளர்ச்சி அடைவதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே குட்டியைக் காயடித்து, பிறகு தவிட்டைக் கொட்டி வளர்ப்பது, குறுகிய வாய்க்காலில் கல்லையும் மண்ணையும் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

தவிடு செய்யும் தீங்கு

அரிசித் தவிட்டிலும் கோதுமைத் தவிட்டிலும் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவே காணப்படும். ஆட்டின் உடலுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறானது. மணிச்சத்து ஒரு பங்கு என்றால் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ இரண்டு பங்கு இருக்க வேண்டும். மக்காச்சோளம், கம்பு, ஊறவைத்த அரிசி, மிஞ்சிய சோறு ஆகியவற்றிலும் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு.

ஆடு இலை தழைகளை மென்று அசைபோடும்போது உமிழ்நீர் ஏராளமாகச் சுரக்கிறது. உடலில் மிகுந்த மணிச்சத்து அந்த உமிழ்நீர் வழியாக வயிற்றுக்குச் சென்று புழுக்கையோடு வெளியேறிவிடுகிறது. தவிடும் சோறும் தின்னும் கடாவுக்கு அசைபோடும் வேலை குறைவு; உமிழ்நீரும் குறைவு. மிகுதியான மணிச்சத்து சிறுநீரில் இறங்கி, மெக்னீசியத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து மணல் போன்ற படிகங்களாகிறது. குடிக்கும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்பட்டு அந்த மணல் கல்லாகத் திரளும்.

"எங்கள் பாட்டன் காலத்தில் இந்த நோய் ஏது?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. அக்காலத்தில் கன்னி ஆடும் கொடி ஆடும் பகல் முழுவதும் மேய்ந்து, வேலங்காயும் இலந்தைத் தழையும் நூறு வகைப் பூண்டுகளும் கடித்து வளர்ந்தன. இன்று மேய்ச்சல் நிலம் சுருங்கி, கடாக்கள் கொட்டிலில் கட்டப்படுகின்றன. கொட்டில் முறை தவறன்று. "அடர்தீவனம் கொடுங்கள், எடை கூடும்" என்ற பாதிப் பாடம் மட்டும் ஊருக்கு ஊர் பரவி, சுண்ணாம்புச் சத்து, தழைத்தீவனம், தண்ணீர் என்ற மறுபாதி சொல்லப்படாமல் போனதே தவறு. எடை கூடும் வழியைச் சொல்லுவோர், அந்த எடை சந்தை வரை உயிரோடு போய்ச் சேரும் வழியையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அறிகுறிகளை அறிவது எப்படி?

நோய் கண்ட கடா மந்தையைவிட்டு ஒதுங்கி நிற்கும். படுக்கும், எழும், மீண்டும் படுக்கும். கால்களை முன்னும் பின்னும் நீட்டி வைத்து முக்கும். வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். வலி பொறுக்காமல் கத்தும். வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதும் காலால் உதைத்துக்கொள்வதும் பற்களை நறநறவென்று கடிப்பதும் உண்டு. சிறுநீர் சொட்டுச் சொட்டாக, சில சமயம் இரத்தம் கலந்து வரும்; அல்லது அறவே வராது. குறியின் உறையைச் சுற்றியுள்ள மயிர் ஈரமின்றி உலர்ந்திருக்கும். அந்த மயிரை விரல்களுக்கிடையே உருட்டினால் நெருநெருவென்று மணல் தட்டுப்படலாம். நல்ல நிலையிலுள்ள கடாக்களையும் வாரம் ஒருமுறை இவ்வாறு தடவிப் பார்ப்பது நல்லது. மணல் தட்டுப்பட்டால் அது முன்னெச்சரிக்கை.

கடா முக்குவதைக் கண்டதும் மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டுவது பரவலான வழக்கம். இதில் ஒரு நாள் வீணாகிறது. அந்த ஒரு நாளே உயிருக்கும் சாவுக்கும் இடையிலுள்ள நாளாகவும் ஆகலாம். முழுமையாக அடைபட்ட சிறுநீர்ப்பை ஓரிரு நாளில் வெடித்துவிடக்கூடும். வெடித்தவுடன் வலி தணிந்து கடா அமைதியாகிவிடும். "குணமாகிவிட்டது" என்று வீட்டார் மகிழ்வர். உண்மையில் சிறுநீர் வயிற்றுக்குள் பரவி, அடிவயிறு இருபுறமும் பருக்கத் தொடங்கியிருக்கும். சிறுநீர்ப் பாதையே கிழிந்தால் வயிற்றின் அடித்தோல் உறையிலிருந்து முன்நோக்கி வீங்கும். இந்த நிலைக்கு வந்தபின் பிழைப்பது அரிது.

உடனே செய்ய வேண்டியவை

ஐயம் ஏற்பட்டவுடன் கடாவைத் தனியே, உலர்ந்த சிமெண்ட் தரையிலோ காய்ந்த சாக்கின் மீதோ நிறுத்திக் கவனிக்க வேண்டும். தரை நனைகிறதா இல்லையா என்பது இதனால் தெளிவாகும். தவிடு, தானியம், சோறு அனைத்தையும் நிறுத்திவிட வேண்டும். அதே வேளையில் கால்நடை மருத்துவருக்குத் தகவல் தர வேண்டும். அருகில் மருந்தகம் இல்லாதவர்கள் 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். "முக்குகிறது" என்று மட்டும் சொல்லாமல், "கடா, சிறுநீர் போகவில்லை, இத்தனை மணியிலிருந்து" என்று சொல்வது மருத்துவருக்குப் பேருதவியாகும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. வயிற்றை அழுத்திப் பிசையக் கூடாது. வாயில் தண்ணீரை வலிந்து ஊற்றக் கூடாது. நீர் பிரியும் மருந்துகளை, அவை நாட்டு மருந்தானாலும் ஊசியானாலும், தாமாகவே கொடுக்கக் கூடாது. வாய்க்கால் அடைபட்டிருக்கும்போது மடையைத் திறந்தால் கரைதான் உடையும்.

கல் நுனியிலுள்ள நீட்சியில் சிக்கியிருந்தால் மருத்துவர் அந்த நீட்சியைக் கத்தரித்துவிடுவார். சிறுநீர் உடனே பாயக்கூடும். இதனால் பொலிகடாவின் இனவிருத்தித் திறன் பொதுவாகக் கெடுவதில்லை. கல் மேலே வளைவில் இருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். வயிற்றின் வழியே சிறுநீர்ப்பைக்குள் குழாய் வைத்து, பாதை சீராகும்வரை சிறுநீரை வெளியேற்றும் முறை நல்ல பலன் தருகிறது. செலவும் பயணமும் சிறு விவசாயிக்குச் சுமையே. ஆனால் முதல் நாளிலேயே மருத்துவரைக் கண்டவருக்கே சிகிச்சையா, விற்பனையா என்று முடிவு செய்யும் வாய்ப்பு இருக்கிறது. மூன்றாம் நாள் வருபவருக்கு எந்த வாய்ப்பும் இல்லை. சிறுநீர்ப்பை வெடித்த ஆட்டின் இறைச்சி உண்ணத் தகுந்ததன்று.

தடுப்பதே சிக்கனம்

தீவனத்தில் பெரும்பங்கு இலை தழையாகவும் உலர்தீவனமாகவும் இருக்க வேண்டும். அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா ஆகிய மரத்தழைகளில் சுண்ணாம்புச் சத்து நிறைய உள்ளது. ஒரே தழையையே நாள்தோறும் கொடுக்காமல் புல்லோடு கலந்து கொடுப்பது சிறந்தது. தவிடும் தானியமும் சேர்ந்த கலப்புத் தீவனத்தில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு சுண்ணாம்புக்கல் தூளும், 1 பங்கு சமையல் உப்பும் சேர்க்க வேண்டும். உப்பு தின்ற கடா தண்ணீரை நாடும். ஆகவே சுத்தமான தண்ணீர் நாள் முழுவதும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பாசி பிடித்த தொட்டியில் கடா வாய் வைக்காது. மழைக் காலத்திலும் பனிக் காலத்திலும் கடாக்கள் குறைவாகக் குடிக்கும். அந்நாட்களில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் நன்றாகக் குடிக்கும்.

காயடிப்பதை மூன்று, நான்கு மாத வயது வரையாவது தள்ளிப்போடுவது நல்லது. கல் கரைய அம்மோனியம் குளோரைடு என்ற மருந்து மருத்துவர் சொல்லும் அளவில் தரப்படுவதுண்டு. இதே பெயரில் உரமும் கிடைக்கிறது என்பதற்காக உர மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுப்பது பெரும் ஆபத்து.

ஒரு கடா சிறு விவசாயிக்கு வெறும் கடா அன்று; பள்ளிக் கட்டணம், விதைச் செலவு, வட்டிப் பணம் எல்லாம் அதன் கழுத்துக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. கைப்பிடி சுண்ணாம்புத் தூள், ஒரு கட்டுத் தழை, கழுவிய தொட்டியில் நல்ல தண்ணீர் ஆகிய இவை எந்தக் குடும்பத்திற்கும் எட்டாதவை அல்ல. தீவனம் வைக்கும்போது, தரை நனைந்திருக்கிறதா என்று ஒரு கணம் குனிந்து பார்க்கும் பழக்கமும் அவற்றோடு சேர்ந்தால், சந்தைக்குப் போக வேண்டிய கடா குழிக்குப் போகும் அவலத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.