இலவசம் வேறு, கட்டற்றது வேறு!

வகுப்பில் யாரைப் பார்த்தாலும், "மச்சி, சூப்பர் ஃபில்டர் ஒண்ணு சிக்கியிருக்கு, ஃப்ரீடா!" என்கிறார்கள். பென் டிரைவில் வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். நானும் அப்படித் திரிந்தவன்தான். இப்போது அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான்தான் ஃபோட்டோகிராஃபர். வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில், எங்கிருந்தோ இறக்கிய ஓர் இலவச ஃபில்டரை வைத்துப் பாதிப் படங்களுக்குப் பழைய ஃபிலிம் நிறம் கொடுத்தேன். அதோடு கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புது லேப்டாப்பில் அதே ஃபில்டரைப் போட்டால் மெனுவில் பெயரே வரவில்லை. அது 32-பிட் காலத்துச் சரக்கு. 64-பிட் மென்பொருள் அதைத் தொடாது. எழுதியவரின் தளத்தைக் காணவில்லை. மூல நிரலும் கிடையாது. விளைவு? ஆல்பத்தில் தாலி கட்டும் வரை ஒரு நிறம், அப்புறம் வேறு நிறம். "ஏண்டா, நடுவுல மழை வந்துச்சா?" என்று பெரியம்மா இன்னும் கேட்கிறார் :(

"பெரிய கம்பெனி சரக்கைப் போட்டிருக்கணும்டா" என்கிறான் நண்பன். அப்படியா? நிக் கலெக்‌ஷன் கதையைப் பாருங்கள். கூகுள் 2012-ல் நிக் நிறுவனத்தை வாங்கியது. 149 டாலருக்கு விற்ற தொகுப்பை 2016 மார்ச்சில் இலவசமாக்கியது. எல்லோரும் ஆடித் தீர்த்தார்கள். 2017 மே மாதம், இனி மேம்படுத்த மாட்டோம் என்றது. அக்டோபரில் டிஎக்ஸ்ஓ நிறுவனத்தின் கைக்குப் போனது. 2018-ல் வந்த புதிய பதிப்பைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் பொருள், அவர்கள் விலை, அதில் தப்பில்லை. ஆனால் கொடுத்த கை மடங்கினால் நமக்கு எந்த உரிமையும் இல்லை. அன்னதானத்தை நம்பி அடுப்பை உடைத்த கதைதான்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல். நம்மிடம் இரண்டு இருக்கின்றன: இலவசம், கட்டற்ற. இருந்தும் குழப்பிக்கொள்கிறோமே!

கட்டற்றதற்கு உதாரணம் ஜி'மிக். பிரான்சில் நார்மண்டியின் கான் நகரிலுள்ள கிரேக் ஆய்வுக்கூடத்தில் 2008 முதல் வளர்ந்து வருகிறது. 500-க்கு மேல் ஃபில்டர்கள். கிம்ப், க்ரிட்டா இரண்டிலும் ஓடும். நிரல் திறந்தே கிடக்கிறது. நாளைக்கே அவர்கள் நிறுத்திவிட்டாலும், தெரிந்த ஒருவர் அதைப் புதுக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்க முடியும். என் ஃபில்டருக்கு அந்த வழிதான் அடைத்திருந்தது.

குறை இல்லையா? இருக்கிறது. சில ஃபில்டர்கள் ஆமை வேகம். சிலவற்றின் பெயரைப் பார்த்தால் கணக்குப் பரீட்சை ஞாபகம் வரும். பொறுமையாகப் பழகினால் சரியாகிவிடும்.

அடுத்த முறை ஒரு ஃபில்டர் சிக்கினால் "ஃப்ரீயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நிரல் கிடைக்குமா?" என்றும் கேளுங்கள்.

டிஸ்கி: எதைப் போட்டாலும் அசல் படத்தின் மேலேயே சேமிக்காதீர்கள். நான் சேமித்தேன். மிச்சத்தைப் பெரியம்மாவிடம் கேளுங்கள் :)